மின்வெட்டுக்குப் பின் விழிக்கும் பலகை: பூட்லோடரில் நினைவகம் உருவாகும் வரிசை

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அந்த நாட்களில், வெள்ளவத்தையில் சில அடுக்குமாடிக் கட்டடங்களின் தண்ணீர்த் தாங்கிகளைக் கண்காணிப்பதற்காக நாங்கள் பொருத்தியிருந்த சிறு கணினிப் பலகைகளில் இரண்டு, மின்சாரம் திரும்பிய பின்னரும் எழும்பவில்லை. யாராவது மொட்டை மாடிக்கு ஏறிப்போய் மின்னிணைப்பைக் கழற்றி மாட்டினால் சில வேளை எழும்பும், சில வேளை எழும்பாது. ஒரு தடவை எழும்பிவிட்டால், அதற்குப் பிறகு மீட்டமைப்புப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒழுங்காகவே இயங்கும்.

காரணம் அந்தக் கடைசி வரியில்தான் இருந்தது. பொத்தானை அழுத்தும்போது மின்சாரம் நிற்பதில்லை. ஆகவே சில்லுக்குள் இருக்கும் எஸ்-ராம் என்னும் சிறு நினைவகத்தில் முந்தைய ஓட்டத்தின் எச்சங்கள் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். அரை நாளுக்கு மேல் மின்சாரம் இல்லாதிருந்த பலகையிலோ அந்த எச்சங்கள் அழிந்து, ஒவ்வொரு பிட்டும் 0 ஆகவோ 1 ஆகவோ தன் போக்கில் எழும்பும். மின்சாரம் வந்ததும் ஓடி, பணிசெயல் முறைமையை ஏற்றிவைக்கும் நிரலான எங்கள் பூட்லோடரில், ஒரு சார்பு முடிந்த பின்னும் அழியாமல் நிற்கும் நிலையான மாறி ஒன்றை நாங்கள் சேர்த்திருந்தோம். அது, அதற்குரிய பகுதி சுழியமாக்கப்படுவதற்கு முன்பே வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. மேசையில் வைத்து மாதக்கணக்காகச் சோதித்தபோது அது எப்போதும் சுழியமாகவே தெரிந்ததற்கு, முந்தைய ஓட்டம் அதைச் சுழியமாக்கிவிட்டுப் போயிருந்ததே காரணம்.

சி மொழியில் எழுதுபவர் சில விடயங்களைக் கேள்வியின்றி நம்புகிறார். சார்புகளை அழைப்பதற்கு, திரும்பிவர வேண்டிய முகவரியையும் தற்காலிக மாறிகளையும் வைக்கும் ஓர் அடுக்கு இருக்கும், தொடக்க மதிப்புத் தரப்படாத நிலையான மாறிகள் சுழியமாக இருக்கும், கேட்டால் குவியல் என்னும் பொது இருப்பிலிருந்து நினைவகம் கிடைக்கும், எழுதிய இடத்தில் எழுதியது இருக்கும் என்பவை அவற்றுள் சில. பணிசெயல் முறைமையின் மேல் எழுதும்போது இவை காற்றைப் போல எங்கும் இருக்கின்றன. பூட்லோடரின் முதல் ஆயிரம் கட்டளைகளுக்குள் இவற்றில் ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் ஒரு குறிப்பிட்ட வரிசையில் உண்மையாக்க வேண்டியிருக்கிறது. தொடக்கநிலை நினைவக முகாமைத்துவம் என்பது இந்த வரிசையேயன்றி வேறில்லை என்பது என் கருத்து.

பீகிள்போன் பிளாக் பலகையை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். 2013இல் வெளிவந்த அந்தப் பலகையில் கோர்டெக்ஸ்-ஏ8 என்னும் ஆர்ம் மையம் கொண்ட முறைவழியாக்கியும் 512 மெகாபைட் டிடிஆர்3 நினைவகமும் இருக்கின்றன. ஆனால் மின்சாரம் வந்த கணத்தில் அந்த 512 மெகாபைட்டில் ஒரு பைட்டைக்கூட முறைவழியாக்கியால் பயன்படுத்த முடியாது, ஏனென்றால் டிடிஆர்3 போன்ற டி-ராம் என்பது தன் கடிகாரம், தாமத அளவுகள், புதுப்பித்தல் இடைவெளி ஆகியவற்றை ஒரு கட்டுப்பாட்டுச் சுற்றுக்குச் சொல்லிக்கொடுத்த பின்பே பேசத் தொடங்கும் சாதனம். அதுவரை கைகொடுப்பது சில்லுக்குள்ளேயே இருக்கும் 128 கிலோபைட் எஸ்-ராம் மட்டுமே. தொழிற்சாலையிலேயே சில்லில் பதிக்கப்பட்ட ரொம் நிரல் அதில் ஒரு பங்கைத் தனக்கு வைத்துக்கொள்வதால், நினைவக அட்டையிலிருந்து முதலில் ஏற்றப்படும் நிரலுக்கு 109 கிலோபைட்டே எஞ்சுகிறது. இத்தகைய பலகைகளில் நாம் பயன்படுத்தும் யு-பூட் என்னும் பூட்லோடர் முழுமையாக அதற்குள் அடங்காது. ஆகையால்தான் எஸ்பிஎல் என்று அழைக்கப்படும் ஒரு சிறிய முன்னோடி, டி-ராமை எழுப்புவதையே தன் முதன்மைக் கடமையாகக் கொண்டு முதலில் வருகிறது.

எல்லாச் சில்லுகளும் இதே வழியில் போவதில்லை. ஐ.எம்எக்ஸ்6 சில்லின் ரொம் நிரல், பலகை தயாரிப்பவர் எழுதிக்கொடுத்த பதிவக மதிப்புகளின் அட்டவணை ஒன்றை வாசித்து, டி-ராமைத் தானே எழுப்பிவிடும். ராஸ்பெரி பையின் முதல் மூன்று தலைமுறைகளில் வரைவியல் முறைவழியாக்கியே முதலில் விழித்து டி-ராமை ஆயத்தம் செய்கிறது; ஆர்ம் மையம் கண்விழிக்கும்போது நினைவகம் காத்திருக்கும். அந்தப் பலகையில் மட்டும் பழகிய மாணவர்களுக்கு இந்தக் கட்டுரையின் முதற்பாதியே விநோதமாகப் படுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். எக்ஸ்86 கணினிகளிலோ டி-ராம் எழும்பும்வரை அடிக்கடி தேவைப்படுவதன் படியை மையத்துக்கு அருகே வைக்கும் பதுக்கு நினைவகத்தையே நினைவகமாகப் பயன்படுத்தும் உத்தி உண்டு. அந்த உத்தி நிலைபெறுவதற்கு முன், பிற்காலத்தில் கோர்பூட் என்று பெயர் மாறிய லினக்ஸ்பயோஸ் திட்டத்திற்காக எரிக் பீடர்மன் ஒரு தொகுப்பானையே எழுதினார்: ரொம்சிசி என்ற அந்தத் தொகுப்பான், சி நிரலை அடுக்கே இல்லாமல், முறைவழியாக்கிக்குள் ஒவ்வோர் எண்ணை வைக்கும் பதிவகங்களை மட்டும் கொண்டு இயங்கும் கட்டளைகளாக மாற்றித் தந்தது. நினைவகம் இல்லாத இடத்தில் சி மொழியை வாழவைக்க ஒருவர் இவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

டி-ராமை எழுப்பும் வேலை பலகையின் செப்புக் கோடுகளோடு நேரடியாகத் தொடர்புடையது. டிடிஆர்3இல் கடிகாரக் கோடும் முகவரிக் கோடுகளும் ஒரு சில்லிலிருந்து அடுத்த சில்லுக்குச் சங்கிலிபோலச் செல்வதால், ஒரே சமிக்ஞை ஒவ்வொரு சில்லையும் வெவ்வேறு கணத்தில் அடைகிறது. இந்த வேறுபாட்டை ஒவ்வொரு பைட் தடத்துக்கும் தனித்தனியாக அளந்து ஈடுசெய்யும் படிமுறை அதற்காகவே அந்தத் தரத்தில் சேர்க்கப்பட்டது. டி-ராமில் எழுதியது கசிந்துபோகாதிருக்க அதைத் திரும்பத் திரும்ப எழுதும் புதுப்பித்தலும் கவனத்துக்குரியது. சில்லின் மேற்பரப்பு வெப்பநிலை 85 பாகை செல்சியசுக்குள் இருக்கும்வரை எல்லா வரிசைகளும் 64 மில்லிசெக்கனுக்குள் ஒரு தடவை புதுப்பிக்கப்பட வேண்டும், அதாவது சராசரியாக 7.8 மைக்ரோசெக்கனுக்கு ஒரு கட்டளை. அந்த எல்லைக்கு மேலே போனால் இடைவெளி பாதியாக, 3.9 மைக்ரோசெக்கனாகக் குறைய வேண்டும். குளிரூட்டிய ஆய்வுகூடத்தில் ஒழுங்காக ஓடிய மதிப்புகளை, கொழும்பின் ஏப்ரல் வெயிலில் மொட்டை மாடியில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் பலகைக்கு அப்படியே கொடுக்கும் முன் இந்த ஒரு எண்ணையாவது சரிபார்ப்பது நல்லது.

டி-ராம் எழும்பியதும் அது எவ்வளவு என்று அறிய வேண்டும். ஒரே பலகையின் இரண்டு பதிப்புகளில் வெவ்வேறு கொள்ளளவுச் சில்லுகள் இருக்கலாம். யு-பூட் இதற்கு எளிய முறையொன்றைக் கையாள்கிறது. இரண்டின் மடிகளான முகவரிகளில் வெவ்வேறு மதிப்புகளை எழுதிப் பின் வாசித்துப் பார்க்கிறது. உண்மையில் இல்லாத முகவரிக் கோடு ஒன்றைத் தொட்டால், எழுதியது சுற்றிவந்து கீழே உள்ள வேறொரு முகவரியில் விழும். அந்த மோதலிலிருந்து நினைவகத்தின் உண்மையான எல்லை தெரிந்துவிடும். சோதனை முடிந்ததும் முன்னிருந்த மதிப்புகள் திருப்பி எழுதப்படுகின்றன.

இந்தக் கட்டம் முழுவதிலும் நிரல் எழுதுபவருக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. யு-பூட்டின் போர்ட்-இனிட்-எஃப் என்னும் முதற்கட்டத்தில் அடுக்கு இருக்கிறது, ஆனால் சிறியது. நிலையான மாறிகளைத் தொடக் கூடாது. அவற்றுக்குப் பதிலாக, பொதுத் தரவு என்ற ஒரே கட்டமைப்பு அடுக்குக்கு அருகே ஒதுக்கப்பட்டு, அதன் முகவரி ஒரு பதிவகத்தில் நிரந்தரமாக வைக்கப்படுகிறது. 32-பிட் ஆர்மில் அது ஒன்பதாம் இலக்கப் பதிவகம், 64-பிட்டில் பதினெட்டாம் இலக்கப் பதிவகம். அந்தப் பதிவகத்தை வேறெதற்கும் எடுக்கக் கூடாது என்று தொகுப்பானுக்குத் தனியே கட்டளையிடப்படுகிறது. குவியல் வேண்டுமென்றால் மிக எளிய ஒதுக்கி ஒன்று உண்டு: கேட்ட அளவுக்குச் சுட்டியை முன்னே நகர்த்திக் கொடுக்கும், திருப்பிக் கொடுத்ததை மீண்டும் பயன்படுத்தாது.

எங்கள் பிழை விழுந்தது இங்கேதான். ஆர்ம் யு-பூட்டில் இதைவிடக் கொடிய பொறியும் நீண்ட காலம் இருந்தது. இடத்தைச் சேமிப்பதற்காக, சுழியமாக்கப்பட வேண்டிய மாறிகளின் பகுதியும், நிரலை இடம்மாற்றும்போது திருத்த வேண்டிய முகவரிகளின் பட்டியலும் ஒரே இடத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. இடமாற்றத்துக்கு முன் ஒரு நிலையான மாறியில் எழுதினால் அந்தப் பட்டியல் சிதையும். பிழையோ அப்போது வெளிப்படாமல், வெகுதூரம் தள்ளி, சம்பந்தமே இல்லாத ஒரு சார்பு அழைப்பில் தலைகாட்டும்.

இடமாற்றம் என்று சொன்னதை விளக்க வேண்டும். எஸ்பிஎல் முழு யு-பூட்டை டி-ராமின் கீழ்ப் பகுதியில் ஏற்றுகிறது. ஆனால் கீழ்ப் பகுதி லினக்ஸ் பணிசெயல் முறைமையின் கருவுக்கு வேண்டிய இடம். ஆகவே யு-பூட் டி-ராமின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி இடங்களை ஒதுக்குகிறது: முதலில் பக்க அட்டவணைக்கு, அடுத்துத் திரைக்கு, அதன் பின் தன் நிரலுக்கு, குவியலுக்கு, பொதுத் தரவுக்கு, பலகையில் உள்ள சாதனங்களைக் கருவுக்கு விவரிக்கும் சாதன மரத்துக்கு, கடைசியாக அடுக்குக்கு. பின்னர் தன்னைத்தானே அங்கே படியெடுத்து, நிரலுக்குள் பொதிந்திருக்கும் முகவரிகளைப் புதிய இடத்துக்கேற்பத் திருத்தி, நிலையான மாறிகளைச் சுழியமாக்கி, அங்கிருந்து தொடர்கிறது. சி மொழியின் நம்பிக்கைகள் அனைத்தும் உண்மையாவது இந்தக் கணத்தில்தான்.

அந்த ஒதுக்கீட்டில் பக்க அட்டவணை ஏன் வந்தது? உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் நம் மாணவர்கள் பக்கமாக்கலையும் மெய்நிகர் நினைவகத்தையும் தமிழிலேயே படிக்கிறார்கள். பல நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடுவதற்காக, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முகவரிவெளி இருப்பதுபோல் காட்டி, பக்க அட்டவணை மூலம் அவற்றைப் பௌதிக முகவரிகளாக மாற்றுவதே எம்எம்யு என்னும் நினைவக முகாமைத்துவ அலகின் வேலை என்று அவர்கள் அறிவார்கள். பூட்லோடரில் ஓடுவது ஒரே ஒரு நிரல். அதன் பக்க அட்டவணையில் ஒவ்வொரு முகவரியும் அதே முகவரியாகவே மாறுகிறது. எதையுமே மாற்றாத மாற்ற அட்டவணையை எதற்காகக் கட்ட வேண்டும் என்று கட்டுபெத்தையில், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி என்னிடம் கேட்டபோது, அந்தக் கேள்வியே இந்த விடயத்தின் நடு முடிச்சு என்று எனக்குப் பட்டது.

பக்க அட்டவணையின் ஒவ்வொரு பதிவிலும் முகவரியோடு அந்த இடத்தின் தன்மையும் எழுதப்பட்டிருக்கிறது. இது சாதாரண நினைவகமா, சாதனத்தின் பதிவகமா, இதைப் பதுக்கி வைக்கலாமா, இங்கிருந்து கட்டளைகளை எடுக்கலாமா என்பவை அந்தத் தன்மைகள். ஆர்ம் மையத்தில் எம்எம்யு அணைந்திருக்கும்போது இந்தத் தகவலைச் சொல்ல யாரும் இல்லை. அந்நிலையில் மையம் எச்சரிக்கையான பக்கத்தையே தேர்ந்தெடுக்கிறது: ஒவ்வொரு தரவு அணுகலும் ஒரு சாதனத்தைத் தொடுவதைப் போல, கடுமையான ஒழுங்கில், பதுக்கப்படாமல் நடக்கிறது. கட்டளைப் பதுக்கு நினைவகத்தை எம்எம்யு இல்லாமலே இயக்கிக்கொள்ளலாம். தரவுப் பதுக்கு நினைவகத்துக்கு அட்டவணை இன்றியமையாதது. அது இல்லாவிட்டால் கருவை விரித்தெடுக்கும்போதும், கையொப்பத்தைச் சரிபார்க்கும்போதும், ஒவ்வொரு சொல்லுக்காகவும் டி-ராம் வரை போய்வர வேண்டியிருக்கும். மின்வெட்டுக்குப் பின் எழும்பும் பலகை எவ்வளவு விரைவில் வேலைக்கு வருகிறது என்பதை இந்த அட்டவணை நேரடியாகத் தீர்மானிக்கிறது.

அட்டவணை எளிமையானதுதான். 32-பிட் ஆர்மின் குறுகிய வடிவத்தில் 4 ஜிகாபைட் முகவரிவெளியை ஒரு மெகாபைட் துண்டுகளாகப் பிரித்தால் 4096 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் 4 பைட் வீதம் 16 கிலோபைட். அட்டவணையின் தொடக்கமும் 16 கிலோபைட் எல்லையில் அமைந்திருக்க வேண்டும். முதலில் எல்லாத் துண்டுகளையும் பதுக்கக் கூடாதவை என்று குறித்துவிட்டு, அதன் பின் டி-ராம் இருக்கும் துண்டுகளை மட்டும் பதுக்கலாம் என்று யு-பூட் மாற்றுகிறது. இந்த வரிசை எனக்குப் பிடிக்கும். மறந்துபோன ஒரு துண்டு மெதுவாக ஓடும், தவறாக ஓடாது.

ஆனால் சாதனப் பகுதிகளைப் பதுக்காமல் விடுவது மட்டும் போதாது. அவற்றிலிருந்து கட்டளை எடுக்கக் கூடாது என்ற குறியையும் இட வேண்டும். இன்றைய மையங்கள் அடுத்துத் தேவைப்படலாம் என்று ஊகித்துக் கட்டளைகளை முன்கூட்டியே எடுத்துவைக்கின்றன. அந்த ஊகம் தற்செயலாக, வாசித்தவுடன் பைட்டை வெளியே எடுத்துவிடும் ஒரு தொடர் வாயிலின் வரிசைப் பதிவகத்தில் விழுந்தால், யாரும் வாசிக்காமலே ஒரு பைட் காணாமற்போகும். நிரலில் எங்கு தேடினாலும் அந்தப் பிழை அகப்படாது.

இயக்கும் வரிசையிலும் இடறி விழ இடமுண்டு. சில மையங்களில், மின்சாரம் வந்தபோது பதுக்கு நினைவகத்துக்குள் என்ன இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அதைச் செல்லாததாக்காமல் இயக்கினால், ஒருபோதும் எழுதப்படாத குப்பையை மையம் உண்மையென்று நம்பிவிடும். மேசைச் சோதனையில் தப்பி, நீண்ட மின்வெட்டுக்குப் பின் மட்டும் தோன்றும் பிழைகளின் வரிசையில் இதுவும் சேரும்.

64-பிட் ஆர்மில் அட்டவணை பல மட்டங்களாகி, துண்டுகள் 2 மெகாபைட்டாகவோ 1 ஜிகாபைட்டாகவோ மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். அங்கே எம்எம்யு அணைந்திருக்கும்போது எல்லாத் தரவு அணுகலும் சாதன அணுகலாக இருப்பதால், நான்கு பைட் எல்லையில் அமையாத முகவரியிலிருந்து நான்கு பைட் வாசித்தாலே மையம் பிழை எழுப்பி நிற்கும். எனவே அப்படிப்பட்ட அணுகல்களை உருவாக்கக் கூடாது என்று தொகுப்பானிடம் யு-பூட் கண்டிப்பாகச் சொல்லிவைக்கிறது.

பதுக்கு நினைவகம் இயங்கத் தொடங்கியதும் புதிய பொறுப்பொன்று வருகிறது. அட்டையிலிருந்தோ வலையமைப்பிலிருந்தோ மையத்தின் உதவியின்றித் தரவைக் கொண்டுவரும் டிஎம்ஏ சுற்று, பல சில்லுகளில், டி-ராமை மட்டுமே காண்கிறது. மையம் பதுக்கு நினைவகத்தில் வைத்திருப்பதை அது அறியாது. சாதனம் வாசிப்பதற்கு முன் பதுக்கியதை டி-ராமுக்கு எழுதிவிட வேண்டும்; சாதனம் எழுதிய பின் பழைய படியைச் செல்லாததாக்க வேண்டும். கோர்டெக்ஸ்-ஏ8இல் இந்த வேலைகள் 64 பைட் வரிகளாகவே நடப்பதால், டிஎம்ஏ இடையகம் ஒரு வரியின் நடுவில் தொடங்கினால், அதே வரியில் குடியிருக்கும் வேறொரு மாறியும் சேர்ந்து அழியும். யு-பூட் இப்படியான பொருந்தாத முகவரிகளைக் கண்டால் திரையில் எச்சரிக்கை ஒன்றை எழுதும். அதைப் பார்த்தும் பலகை ஓடுகிறதே என்று விட்டுவிடுவோரை நான் கண்டிருக்கிறேன்; அந்த வரிக்குப் பக்கத்து வீட்டில் அன்றைக்கு முக்கியமான மாறி ஏதும் இல்லை என்பதைத் தவிர அந்த ஓட்டத்துக்கு வேறு அர்த்தமில்லை.

இவ்வளவு கவனமாகக் கட்டியதையெல்லாம் லினக்ஸ் கருவிடம் ஒப்படைக்கும் முன் கலைக்க வேண்டும். எம்எம்யு அணைந்திருக்க வேண்டும், தரவுப் பதுக்கு நினைவகம் அணைந்திருக்க வேண்டும் என்பது கருவின் நிபந்தனை. கட்டளைப் பதுக்கு நினைவகம் எந்த நிலையிலும் இருக்கலாம். அணைக்கும் முன் பதுக்கியவை அனைத்தும் டி-ராமுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால், அட்டையிலிருந்து பிழையின்றி வாசிக்கப்பட்ட கருவின் சில வரிகள் பதுக்கு நினைவகத்திலேயே தங்கிவிட, டி-ராமில் அந்த இடங்களில் பழைய குப்பை கிடக்கும். அணைக்கும் சார்பின் அடுக்கும் அதே பதுக்கு நினைவகத்தில்தான் இருக்கிறது. எழுதி முடித்ததற்கும் அணைப்பதற்கும் இடையில் அடுக்கில் புதிதாக எதையும் எழுதாதபடி அந்தச் சில வரிகளை அமைக்க வேண்டும்.

கரு தனக்கென்று வேறோர் அட்டவணையைக் கட்டுகிறது. 32-பிட் ஆர்ம் லினக்ஸ் வழமையாக டி-ராமின் தொடக்கத்திலிருந்து 32 கிலோபைட் தள்ளி அமர்ந்து, தனக்கு நேர் கீழேயுள்ள 16 கிலோபைட்டைத் தன் முதல் பக்க அட்டவணைக்கு எடுத்துக்கொள்ளும். பூட்லோடர் அந்த இடத்தில் எதையாவது வைத்திருந்தால் அது எச்சரிக்கையின்றி அழிந்துபோகும். சுருக்கிய கருவும் தன்னை விரிக்கும்போது கீழ்ப் பகுதியின் மேல் எழுதிக்கொண்டே போகும். எனவே சுருக்கிய கருவை டி-ராமின் தொடக்கத்திலிருந்து 32 மெகாபைட்டுக்கு மேலும், சாதன மரத்தை 128 மெகாபைட் எல்லைக்குச் சற்று மேலும் வைக்கும்படி கருவின் ஆவணம் பரிந்துரைக்கிறது. அந்த இரண்டு முகவரிகளும் யு-பூட்டின் சூழல் மாறிகளில் இருக்கின்றன. கரு தொடங்குகிறது என்ற வரிக்குப் பின் திரையில் எதுவும் வராத பலகையில் நான் முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.